சாமிப் பன்றியின் சாப்பாட்டுச் செலவு

எங்கள் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டது ஒரே ஒரு ஜீவன்தான். நான் இல்லை, என் வீட்டுக்காரர் லெட்சுமணனும் இல்லை. பின்னால் கொட்டகையில் இருந்த பன்றி. ஊரில் அதற்குப் பெயர் சாமி. வழியில் பார்க்கிறவர்கள், "சாமி சாப்பிட்டாச்சா பிரேமலா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னைப் பற்றி விசாரிப்பார்கள். சில பேர் என்னைப் பற்றிய கேள்விக்கு வந்து சேர்வதே இல்லை.

ஜொகூர் மாநிலத்துக் காஹாங்கில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. முன்பு பத்துப் பன்னிரண்டு பன்றிகள் வளர்த்தோம். சாப்பாட்டுக் கடைகளில் மிஞ்சும் சோறு, யோங் பெங்கில் தௌபு என்கிற சோயாக் கட்டி செய்கிற இடத்தில் கிடைக்கும் சோயாச் சக்கை என்று செலவு கைக்குள் இருந்தது. பிறகு பன்றிக் காய்ச்சல் வந்தது. மிச்சச் சோறு போடக் கூடாது என்றார்கள். சக்கையை மட்டும் போட்டால் பன்றி வளராது, கடைத் தீனி வாங்கிப் போட்டால் நாங்கள் வளர மாட்டோம். வளர்த்து விற்ற காசு அப்படியே தீனிக் கடைக்குப் போனது. ஒருநாள் பன்றி வாங்குகிற வியாபாரி தௌக்கேயைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைத் தொட எனக்கு உரிமை இல்லை. அது முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது. நேர்ந்தவர் என் மூத்தார், அதாவது லெட்சுமணனின் அண்ணன் ராஜசேகரன்.

மூத்தார் குளுவாங்கில் இன்சூரன்ஸ் விற்பவர். எங்கள் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குத் தலைவராக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். இரண்டு பொதுக்கூட்டங்களில் நின்று இரண்டிலும் தோற்றார். மூன்றாவது முறை நிற்பதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார், நேராகக் கொட்டகைக்குப் போனார், இருந்ததிலேயே நல்ல குட்டியாகப் பார்த்து அதன் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டினார்.

"நான் தலைவரா வந்தா, ஆடிப் பூசையில இத முனியாண்டிக்கு வெட்டிடுவோம். வேண்டிக்கிட்டேன்."

"மாமா, அது எங்க குட்டி."

"நம்ம குடும்பம்தானே லா. இதுல என்ன எங்க, உங்க?"

செலவு வரும்போது மட்டும் எங்கள் குடும்பம் இப்படிப் பெரிதாகிவிடும். நான் லெட்சுமணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு 'முடியாது' என்ற சொல் வராது. தமிழிலும் வராது, மலாயிலும் வராது. கல்யாணமான நாளிலிருந்து நானும் காத்திருக்கிறேன்.

மூத்தார் ஜெயித்துவிட்டார். மாலையும் கழுத்துமாக அவர் நிற்கும் படம் கோயில் வாட்சப் குழுவில் வந்தது. முனியாண்டி தன் வேலையை முடித்துவிட்டார். இனி கூலி கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். அந்த ஆடியில் வெட்டவில்லை. கோயிலில் திருப்பணி நடக்கிறதாம், அது முடிந்து கும்பாபிஷேகம் ஆகும்வரை பலி கூடாதாம். அதுவரை பன்றி எங்கள் பொறுப்பு.

பொறுப்பு என்றால் சும்மா பொறுப்பு இல்லை. சாமிக்கு விட்ட பன்றி எச்சில் தின்னக் கூடாது. சோயாச் சக்கையும் கழிவுதான், அதுவும் கூடாது என்று மூத்தார் தீர்ப்புச் சொன்னார். ஆக, கடையில் வாங்கும் முதல்தரத் தீனி மாதம் இரண்டு மூட்டை, அதற்கு மேல் சோளக் கஞ்சி, மரவள்ளிக் கிழங்கு. இளைக்கவும் கூடாது, அது சாமிக்குக் குறை. மூத்தார் மாதம் ஒருமுறை வந்து கொட்டகைக்கு வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "கொஞ்சம் வாடின மாதிரி இருக்கே" என்பார். ஒருமுறை வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்தார். அதையும் சாமிக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் அந்த மாதங்களில் நெத்திலியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதனால் எங்களையும் யாராவது சாமிக்கு நேர்ந்துவிட்டால் என்ன என்று நான் யோசித்ததில் தப்பில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு.

என் மகள் லோஷினி பாசிர் கூடாங்கில் இருக்கிறாள். மாப்பிள்ளை யுகேந்திரனுக்கு அங்கே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பாதி நாள் இரவில் வீட்டில் இருக்க மாட்டார். போன வருடம் அவளுக்குக் கரு தங்கவில்லை. போன் வந்தபோது லாரி ஓட்டுகிற லெட்சுமணன் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போயிருந்தார். நான் அடுப்பில் சாமிக்குச் சோளம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். தீனி வைக்க ஆள் தேடி, கிடைக்காமல், மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் என் பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். "பன்னிக்குச் சாப்பாடு போட்டாச்சாம்மா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். எட்டாவது மாதம். இந்த முறை அவள் பக்கத்தில் நான் இருந்தே ஆக வேண்டும்.

பன்றியை விற்றுத் தொலைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வேறு சமயமாக இருந்தால் செய்திருப்பேன். வயிற்றில் பிள்ளையோடு மகள் இருக்கும்போது, சாமிக்கு நேர்ந்ததை விற்க எந்தத் தாய்க்குக் கை வரும்? வேண்டிக்கொண்டவர் மூத்தார்தான். ஆனால் முனியாண்டி விலாசம் மாறி வந்துவிட்டால் என்ன செய்வது? வேண்டுதல் முடிய வேண்டும். முடிந்தால்தான் நான் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும். அதனால் கும்பாபிஷேகத் தேதியை என்னளவு ஆசையாக எதிர்பார்த்தவர்கள் அந்தக் கோயிலிலேயே யாரும் இல்லை.

அந்த நாளும் வந்தது. பளபளவென்று தரையெல்லாம் டைல்ஸ். தமிழ்நாட்டிலிருந்து கருங்கல் சிலை வந்திருந்தது. தோட்டத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த முனியாண்டிக்கு 'ஸ்ரீ முனீஸ்வரர்' என்று புதுப் பெயர். மூத்தார் பட்டு வேட்டியோடு மைக்கைப் பிடித்தார்.

"இனிமே நம்ம கோயில்ல கத்தி இல்ல, ரத்தம் இல்ல, சுருட்டு இல்ல. இன்னையிலிருந்து நம்ம சாமி சைவம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். லெட்சுமணனும் தட்டினார். நான் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பந்தியில் தயிர்ச்சாதத்துக்கு ஊறுகாய் வைத்துக்கொண்டே வந்த மூத்தாரை நான் நிறுத்தினேன்.

"மாமா, பன்னி?"

"எந்தப் பன்னி?"

"நீங்க கட்டின சிவப்புத் துணி இன்னும் அதோட கழுத்துலதான் இருக்கு. இப்ப அது பக்கத்துல நின்னா நான்தான் குட்டி மாதிரி இருக்கேன்."

"ஓ, அதுவா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இனிமே வெட்ட முடியாதும்மா. நான் பூசணிக்காய் வெட்டிட்டேன். குருக்கள் அது போதும்னுட்டாரு."

"அப்ப வித்துடவா?"

"அலமாக்! சாமி சொத்தை எப்படி விப்ப? லோஷினி வேற மாசமா இருக்கா, பாத்துக்க. அப்படியே வளரட்டும். பசு மடம் வெச்சுக் காப்பாத்துறாங்க இல்ல, அது மாதிரி. உனக்குப் புண்ணியம்."

"பன்னி எத்தன வருஷம் உயிரோட இருக்கும் தெரியுமா மாமா?"

"எல்லாம் அவன் செயல்," என்றார், புதுச் சாமியின் பக்கம் கைகாட்டி. பிறகு அடுத்த இலைக்கு ஊறுகாய் வைக்கப் போய்விட்டார்.

நான் இலையை மூடினேன். சாமியிடம் பதவியைக் கேட்டு வாங்கியவர், பதவிக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாமியின் கூலியை ரத்து செய்துவிட்டார். முதலாளி என்றால் இவர்தான் முதலாளி. ஆனால் என்னைக் கொதிக்க வைத்தது அதுவல்ல. என் மகள் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினார் பாருங்கள், அதுதான்.

கை கழுவக் கோயிலின் பின்பக்கம் போனேன். அங்கே, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைத்த மூலையில், நீலக் கித்தான் ஒன்று எதையோ மூடியிருந்தது. காற்றுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளே பழைய சூலம். அதன் பக்கத்தில், எண்ணெய் ஊறிக் கறுத்த மூன்று கற்கள். என் கல்யாணத்தன்று நான் விழுந்து கும்பிட்டது இந்தக் கற்களைத்தான். புதுச் சிலைக்கு முன்னால் ஐந்து குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, முனியாண்டி இங்கே உடைந்த நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்தார். அவரையும் யாரோ சாப்பாடு போடாமல் விட்டிருந்தார்கள்.

நான் அழுதுவிட்டேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு லெட்சுமணனிடம் போனேன்.

"நாளைக்கு லாரி காலியா திரும்பி வரும்போது கோயில் பின்னால நிறுத்துங்க. ஒரு சாமானை ஏத்தணும்."

அவர் விஷயத்தைக் கேட்டார். முகம் வெளுத்தது. வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கு 'முடியாது' என்ற அந்தச் சொல் வராது என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அது எனக்குப் பயன்பட்டது அன்றுதான்.

மறுநாள் கற்பூரம் ஏற்றி, சூலத்தின் மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம் குத்தி, "எங்க வீட்டுக்கு வாங்கய்யா, உங்க பொருள் அங்கதான் இருக்கு" என்று முறையாகக் கூப்பிட்டுத்தான் எடுத்து வந்தோம். செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் உலா வந்த சாமி எங்கள் சாமி ஒருவராகத்தான் இருக்கும். கொட்டகைக்குப் பக்கத்து ரம்புத்தான் மரத்தடியில் கற்களை வைத்து, சூலத்தை நட்டோம். சுருட்டும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை. வெட்டத் தெரிந்த இரண்டு பேர் வந்தார்கள். கழுத்திலிருந்த சிவப்புத் துணியை நானே அவிழ்த்தேன். தண்ணீர் தெளிக்கும் முன் அதற்குக் கடைசியாக ஒரு பிடி தீனி நீட்டினேன். திட்டிக்கொண்டே சோறு போட்டாலும், போட்ட கை அதுதானே. தண்ணீர் பட்டதும் பன்றி தலையை ஆட்டி, வெட்டச் சம்மதம் என்று உத்தரவு கொடுத்தது. நான் வீட்டுக்குள் போய் மிளகு அரைக்க உட்கார்ந்துவிட்டேன்.

யாரையும் நான் அழைக்கவில்லை. மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து இரண்டு பெரிய சட்டியில் கறி கொதிக்க ஆரம்பித்ததும், வாசனையே அழைத்துக்கொண்டது. முதலில் கோயில் பொருளாளர் வசந்தன், "சும்மா இந்தப் பக்கமா வந்தேன் லா" என்று வந்தார். இந்தப் பக்கம் எங்கள் வீட்டைத் தவிர எதுவும் கிடையாது. பிறகு செயலாளர். பிறகு நிர்வாகத்தில் மீதி இருந்தவர்கள், மோட்டார் சைக்கிளைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, செம்பனை மரங்களுக்கிடையே நடந்து வந்தார்கள். எல்லாரும் வீட்டு முன்னால் உட்காராமல், கொட்டகைக்குப் பின்னால் குந்திக்கொண்டு தட்டை வாங்கினார்கள். சைவக் கோயிலின் நிர்வாகக் கூட்டம் அன்று முழு வருகையோடு நடந்தது.

தலைவரும் வந்து சேர்ந்தார். காரிலிருந்து இறங்கும்போதே சத்தம்.

"யாரைக் கேட்டு சூலத்தை எடுத்த? யாரைக் கேட்டு வெட்டின?"

"அவரைக் கேட்டுத்தான் மாமா," என்று ரம்புத்தான் மரத்தடியைக் காட்டினேன். "உங்க வேண்டுதலத்தான் முடிச்சு வெச்சேன். கடன் நிக்கக் கூடாதுல்ல? லோஷினி வேற மாசமா இருக்கா."

"நிர்வாகத்துல வெச்சு இதக் கேக்காம விடமாட்டேன்!" என்று கத்திக்கொண்டே கொட்டகையைச் சுற்றி வந்தார். அங்கே நிர்வாகம் வாய் நிறையக் கறியோடு அவரைப் பார்த்தது. பொருளாளர் மரியாதைக்காக எழுந்து நின்றார், தட்டைக் கீழே வைக்காமல்.

மூத்தார் நின்றார். சட்டியைப் பார்த்தார். சூலத்தைப் பார்த்தார். மறுபடியும் சட்டியைப் பார்த்தார்.

"ஈரல் இருக்கா?" என்றார்.

அவரும் குந்தி உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கு வேறு டப்பாவில் கட்டச் சொன்னார். கை கழுவிய கையோடு மரத்தடிக்குப் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு.

"பிரேமலா, ஜொகூர் கோயில்களுக்கெல்லாம் சேர்த்து மாநிலப் பேரவைத் தேர்தல் வருது. நானும் நிக்கலாம்னு இருக்கேன். இவரு சக்தியுள்ளவரு, பாத்தீல்ல? நல்ல குட்டி ஒண்ணு வாங்கி இங்க விட்டுட்டா..."

நான் உள்ளே போனேன். இரண்டு வருடம் சாமிக்குத் தீனி சுமந்த வாளியையும், மூட்டையின் அடியில் மிஞ்சிய தீனியையும் தூக்கி வந்து, கறி டப்பாவுக்குப் பக்கத்தில், அவர் காலடியில் வைத்தேன்.

"தாராளமா வேண்டிக்குங்க மாமா. குட்டி உங்க வீட்டுலேயே வளரட்டும். நம்ம குடும்பம்தானே லா."

கொட்டகைக்குப் பின்னால் யாருக்கோ புரையேறியது. மூத்தார் தம்பியைப் பார்த்தார், காலம் காலமாகப் பார்ப்பது போல. இந்த முறை லெட்சுமணன் கூரையைப் பார்க்கவில்லை.

"முடியாதுண்ணே," என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரே பயந்துபோய்த்தான் நின்றார். எனக்கு அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மூத்தார் கறி டப்பாவை எடுத்துக்கொண்டார். வாளியைத் தொடவில்லை. கார் கிளம்பிப் போனதும் நான் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பை முந்தின நாளே கட்டி வைத்திருந்தது. போனில் லோஷினியைக் கூப்பிட்டேன்.

"அம்மா கிளம்பிட்டேன்டா."

"பன்னிக்குச் சாப்பாடு?"

"போட்டாச்சு," என்றேன். "இனிமே உனக்குத்தான்."