‘போட’ வரைக்கும்தான் இடம்

டோக்கன் என்றால் வார்த்தை என்று சொன்னவன் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல.

நான் அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் ஆள். ஷிப்ட் மாறும்போது நர்ஸ் எழுதிவைக்கும் குறிப்பைப் படித்து, அடுத்து வருபவருக்கு நாலு வரியில் சுருக்கித் தரும் ஏஐ ஒன்றை அந்த மாதம்தான் வாங்கியிருந்தார்கள். ஒரு நோயாளிக்கு ஐந்நூறு டோக்கன். அதற்கு மேல் எழுதினால் படிக்காது. படிக்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது.

மூன்றாம் வார்டு நர்ஸை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். அவர்தான் கேட்டார்.

"டோக்கன்னா, வரிசையில நிக்கறவங்களுக்குக் குடுப்போமே, அதுவா தம்பி?"

"அது வேறக்கா. இதை வார்த்தைன்னு வெச்சுக்கோங்க. ஐந்நூறு வார்த்தை."

"சின்ன வார்த்தை, பெரிய வார்த்தை எல்லாம் ஒண்ணுதானா?"

எனக்குத் தலைக்கு மேல் வேலை. முதல் நாள் ஓர் இங்கிலீஷ் பக்கத்தைப் போட்டுப் பார்த்திருந்தேன்; கணக்கு ஏறக்குறைய ஒத்துவந்தது. "ஒண்ணுதான்கா" என்றேன். அக்கா தமிழில்தான் எழுதுவார் என்று எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். சோம்பேறித்தனம்.

பத்து நாள் கழித்து, கால் முறிந்த பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். முன்பு ஒரு வலி ஊசி போட்டு அவருக்கு மூச்சே நின்றுபோனதாம். அவர் மனைவி அதை மூன்று முறை சொன்னார். அக்கா காய்ச்சல், கட்டு, மாத்திரை என்று எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் அந்த ஊசியைப் பற்றியும் ஒரே ஒரு வரி எழுதினார். எண்ணிப் பார்த்தார், நூற்றுப் பத்து வார்த்தை. நிம்மதியாக மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நர்ஸின் திரையில், வலி அதிகமானால் அந்த ஊசியைப் போடவும் என்று வந்தது. மூன்று மணிக்குப் போட்டார்கள். நாலு மணிக்கு அந்த அம்மா வராந்தாவில் புருஷனின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலைதான் நான் உள்ளே திறந்து பார்த்தேன். ஏஐ வார்த்தையை எண்ணுவதில்லை. நறுக்கிய துண்டுகளை எண்ணுகிறது. ஒரு துண்டு, ஒரு டோக்கன். இங்கிலீஷ் வார்த்தை பெரும்பாலும் ஒரே துண்டு. தமிழ் வார்த்தையை நாலாக, ஐந்தாக, ஆறாக அரிந்திருந்தது. நூற்றுப் பத்து வார்த்தை ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

அக்காவின் கடைசி வரி: "வலி அதிகமானாலும் இந்த ஊசி போடக் கூடாது." ஐந்நூறாவது துண்டு ‘போட’வோடு முடிந்திருந்தது. தமிழில் ‘கூடாது’ கடைசியில்தானே வரும். அந்தரத்தில் நின்ற வரியை ஏஐ தானாக முடித்துவைத்துவிட்டது.

விசாரணையில் சூப்பரின்டென்டென்ட் அக்காவைக் கேட்டார்.

"ஐந்நூறைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னோமா இல்லையா?"

"நூத்திப் பத்து வார்த்தைதான் சார் எழுதினேன். டோக்கன்னா வார்த்தைன்னு தம்பிதான் சொன்னாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். என் மனைவிக்கு அது எட்டாம் மாதம். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நிமிடம் என் மண்டைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

"நான் அப்படிச் சொல்லல சார்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப நான்தான் தப்பாக் கேட்டிருப்பேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார்.