பூப்போட்ட ஈயப் போர்வை

அந்தப் போர்வையைக் கண்டாலே அவளுக்கு வயிறு எரியும். மேலே மஞ்சள் பூப்போட்ட உறை, உள்ளே கதிரைத் தடுக்கும் கனத்த ஈயம். ஸ்கேனுக்கு வரும் குழந்தைகளின் வயிற்றில் அதைப் போர்த்த வேண்டும் என்பது ஸ்கேன் சென்டர் மேனேஜரின் உத்தரவு. போர்த்திய குழந்தையின் படம் வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கியது.

நோயாளிமேல் விழும் கதிர்வீச்சின் அளவைக் கண்காணிப்பதுதான் அவள் வேலை. அங்கே சேர்ந்ததிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"பெத்தவங்களுக்கு ஒரு நம்பிக்கை வருதில்ல, விடுங்க மேடம்" என்பார் மேனேஜர். நம்பிக்கையாம்! சுத்தக் கண்துடைப்பு.

இன்றைக்கு வந்திருந்தது அவளுடைய அண்ணன் மகள். கழுத்துக் கட்டிக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டாம் முறையாக உடம்பு முழுவதும் ஸ்கேன். போட்ட ஊசி உடம்பில் பரவும்வரை சிறுமி உள்ளறையில் அசையாமல் படுத்திருந்தாள். வெளியே அண்ணி போர்வையை மடியில் வைத்துக் காவல் காத்தாள்.

"அது வேணாம் அண்ணி, குடுங்க. போட்டா ரேடியேஷன் கூடும்."

"மூடினா கூடுமா? யார் காதுல பூ சுத்தறே? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் போடறாங்க. சொந்த அத்தை நீ, எம்பொண்ணுக்கு மட்டும் வேணாங்கறே!"

பேசிப் பயனில்லை. அண்ணியைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் திரைமுன் உட்கார வைத்தாள். தினமும் மெஷினைச் சோதிக்கும் தண்ணீர் உருளையைப் படுக்கையில் ஏற்றினாள். மெஷின் முதலில் லேசாக ஒரு படம் எடுத்துப் பார்த்து, எவ்வளவு கதிர் தேவை என்று தானே முடிவு செய்யும். ஒல்லிக்குக் குறைவு, பருமனுக்கு அதிகம். திரையில் ஓர் எண் வந்தது. உருளைமேல் போர்வையைப் போட்டு மறுபடி பார்த்தாள். எண் இரண்டு மடங்கைத் தாண்டி நின்றது.

"மெஷினுக்கு ஈயம்னு தெரியாது அண்ணி. யாரோ பெரிய ஆள் படுத்திருக்கறதா நினைச்சு கூட்டி அடிக்குது. அதுவும் சுத்திச் சுத்தி, முதுகுப் பக்கமும்தான். நோய் எங்கேன்னு ஊசி மருந்தே காட்டிடும். உடம்புல அது எந்த இடம்னு தெரிய கொஞ்சூண்டு எக்ஸ்ரே போதும்."

அண்ணி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"போன தடவை நீ லீவு, நான்தாண்டி போர்த்திவிட்டேன். நழுவாம பட்டை போட்டுக் கட்டச் சொன்னேன். அப்போ?"

"ஒரு தடவையில ஒண்ணும் ஆகிடாது அண்ணி. ஆனா இன்னும் எத்தனை ஸ்கேன் இருக்கோ. வீணா ஏறக்கூடாது. உங்க தப்பில்லை."

சொல்லிக்கொண்டே போர்வையை உருளைமேலிருந்து இழுத்து மூலையில் எறிந்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். இங்கே பெற்றவளை விட்டே மேய வைத்திருக்கிறார்கள், பூப்போட்டு.

போர்வையில்லாமல், மிகக் குறைந்த அளவில் ஸ்கேன் முடிந்தது. கதவைத் திறந்தால் மேனேஜர் நின்றார்.

"என்னங்க, குழந்தைக்குப் போர்வை போடலியா?"

அண்ணி உள்ளே போய் அதைத் தூக்கி வந்து அவர் தோளில் போட்டாள்.

"போய்ப் படுங்க சார். நானே இழுத்துக் கட்டறேன். வாரா வாரம் வாங்க, கட்டிவிடறேன். வாங்க!"

மேனேஜர் போர்வையை உதறிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.