நிரந்தரமானவளுக்குத் திறக்காத கதவு

தற்காலிக அட்டையை மாதாமாதம் புதுப்பித்துக் காட்டியபோதெல்லாம் எட்டு வருஷமாகத் திறந்த வார்டு கதவு, வேலை நிரந்தரமான முதல் நாள் காலையில் திறக்க மறுத்தது. நர்ஸ் தன் புது அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. பின்னால் வந்த தற்காலிக நர்ஸ்கள் அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். தலைமை நர்ஸ் வந்தார். நிரந்தர வேலையில் இருக்கும் அவருக்கும் பச்சை. அலுவலகத்தில் கேட்டால், அட்டையில் ஒரு குறையும் இல்லை, ஓய்வு பெறும் நாள்வரை செல்லும் என்றார்கள். நிரந்தர வேலை உத்தரவை ரத்து செய்துவிட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு மழுப்புகிறார்கள் என்றே அவளுக்குப் பட்டது.

ஆஸ்பத்திரியின் பூட்டுகளைப் பராமரிப்பவள் அவளுடைய நாத்தனார். லேப்டாப்போடு வந்து கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் அண்ணன்கிட்ட சொல்லிடாத. பாக்கிறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லி வெச்சிருக்கார்."

நாத்தனார் ஒரு வெற்று அட்டையில் முடிவுத் தேதியை 2030 என்று பதிந்து காட்டினாள். பச்சை. 2040 என்றதும் சிவப்பு. 2037க்கு மறுபடி பச்சை. நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தன் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரை நினைவுபடுத்தினாள். எல்லா இடத்திலும் ஒன்பது வந்த பிறகு அது பூஜ்யத்துக்குப் புரண்டதல்லவா? இந்தப் பூட்டு தேதியை, 1970 பிறந்ததிலிருந்து எத்தனை விநாடி என்று எண்ணித்தான் வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2038 ஜனவரியில் நிரம்பிவிடும். அதற்கு மேல் ஒரு விநாடி கூடினாலும் கழித்தல் பக்கம் புரண்டு 1901இல் விழுந்து, அங்கிருந்து மறுபடி ஏறத் தொடங்கும். தலைமை நர்ஸ் 2033இலேயே ஓய்வு பெறுவதால் தப்பித்தார். நர்ஸ் ஓய்வு பெறுவதோ 2052இல்.

"இந்தக் கதவு கணக்குல நீங்க 1916லயே ரிட்டயர் ஆயிட்டீங்க அண்ணி."

"அப்போ உன் அண்ணன் கட்டிக்கிட்டது கிழவியையா?"

"அன்னிக்கே சொன்னேன், அவன் காதுல ஏறல."

நர்ஸ் சிரிக்கவில்லை. "வேலை போகலையே?"

"வேலை எங்கயும் போகல அண்ணி. கதவுக்குத்தான் அவ்வளவு தூரம் எண்ணத் தெரியல."

நாத்தனார் அட்டையின் முடிவுத் தேதியை 2037 டிசம்பர் 31 என்று மாற்றினாள். அதற்குள் பெரிய எண்களைத் தாங்கும் பூட்டு ஒன்றைப் பொருத்திவிட்டால் போதும். நர்ஸ் அட்டையைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது.