மொட்டு ஒட்டும் சூடு

பேகம்பூரில் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் மாடி ஜன்னல்களுக்கு, மல்லிகைக் கொடி போட்ட இரும்புக் கிராதி வேண்டும் என்று கிதர் முகம்மது பாய் சொல்லியிருந்தார். தோல் வியாபாரி. கொடி என்றால் தகட்டில் வெட்டியது கூடாது. கம்பியைக் காய்ச்சி வளைத்து, இலை தட்டி, மொட்டுத் தட்டி, காம்போடு ஒட்ட வேண்டும். அவர் மனைவி அஜீஸுன்னிசாவின் ஆசை அது. அதற்கு முத்துச்சாமி ஆசாரியை விட்டால் ஊரில் ஆளில்லை என்று யாரோ அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தார்கள்.

மூன்று ஜன்னல்களில் ஒன்று முடிகிற நிலையில் இருந்தது.

பழனியம்மாள் உலைக்குக் காற்று கொடுக்கும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஆசாரியின் ஒரே மகள். தாய் இல்லை. மதுரையில் விடுதியில் தங்கி, இயற்பியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்திருந்தாள்.

“பி.எஸ்சி. படிச்சா சக்கரம் சுத்துற வேலை தர்றாகளா பாப்பா? தெரிஞ்சிருந்தா நானும் படிச்சிருப்பேன்ல” என்றான் ஒச்சப்பன். பட்டறையில் சம்மட்டி அடிப்பவன்.

அவள் கண் உலையில் இருந்தது.

அப்பா ஒரு மொட்டையும் காம்பையும் மெல்லிய கம்பியால் கட்டி, ஒட்டுப் பிடிக்க வெங்காரப் பொடி தூவி, கரிக்குள் வைத்திருந்தார். இரும்பு முதலில் சிவக்கும். பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். மஞ்சள் வெளுத்து வெளுத்துக் கண் கூசும் வெள்ளையாகும். ஒன்றிரண்டு பொறி தெறிக்கும். அப்போது எடுத்துத் தட்டினால் மொட்டும் காம்பும் ஒன்றாகிவிடும். முன்னால் எடுத்தால் ஒட்டாது. பிந்தினால் இரும்பே எரிந்து உதிர்ந்துவிடும்.

பொறி தெறித்தது. அவள் சக்கரத்தை நிறுத்தினாள். சத்தம் நின்றதும் அப்பா குறட்டால் மொட்டை எடுத்துப் பட்டடைமேல் வைத்து, கைச்சுத்தியலால் தட்டினார். ஒட்டிக்கொண்டது.

பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் எடுப்பதால் அவள் நிறுத்துகிறாள் என்றுதான் தோன்றும்.

படிப்பு முடிந்து வந்த கோடையில், கரிக்குவியலுக்குப் பின்னால் எரிந்துபோன மொட்டுகள் கிடப்பதை அவள் கண்டாள். பூச்சி அரித்ததைப் போல ஓட்டை ஓட்டையாக இருந்தன. அதற்குப் பிறகுதான் அப்பாவின் கண்களைக் கவனித்தாள். கருவிழிக்குள் மோர் கலந்தது போல ஒரு வெளுப்பு. ஆட்களின் உருவம் தெரிந்தது. இலையின் வடிவம் கைக்குத் தெரிந்தது. நெருப்புக்குள் மட்டும் சிவப்பும் வெள்ளையும் அவருக்கு ஒரே மூட்டமாகிவிட்டன.

சக்கரம் சுற்றுகிற ஆள் காய்ச்சலில் வராத ஒரு நாள், அவள் உட்கார்ந்தாள். வெள்ளை வந்ததும் நிறுத்தினாள். அப்பா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு எடுத்தார். அன்று ஒரு மொட்டுகூட எரியவில்லை. மறுநாள் அந்த ஆளை இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தகப்பனும் மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. ஒரு பெண்கள் கல்லூரியின் ஆய்வகத்தில். திங்கட்கிழமை சேர வேண்டும்.

“போ தாயி. சக்கரம் சுத்த ஒரு ஆளா கெடைக்காது இந்த ஊர்ல?” என்றாள் பேச்சாயி அத்தை, சோறு போட்டபடி. அப்பாவின் தங்கை. வீட்டுச் சமையல் அவளுடையது. “அண்ணே, நீயும் ஒருநடை மதுரைக்குப் போயிக் கண்ணைக் காட்டிட்டு வா. தொட்டுக்க வச்ச வெஞ்சனம் எங்க இருக்குன்னு தடவிக்கிட்டு இருக்க.”

“என் கண்ணுக்கு என்ன? வயசானா கொஞ்சம் மங்கத்தான் செய்யும்.” ஆபரேஷன் செய்து கண்ணில் கட்டோடு வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. “இவ போகட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? எம் மக சம்பாதிச்சா எனக்குக் கசக்கவா போகுது?”

பட்டறைக்கு வருகிறவர்களிடமும் அதையே சொன்னார். மகள் திருச்சிக்குப் போகிறாள். காலேஜில் வேலை. போகாதே என்றால் ஏன் என்று கேட்கலாம். போ என்கிறவரிடம் எதைக் கேட்பது?

மறுநாள் ஒச்சப்பன் குழாயடியில் கை கழுவும்போது அருகில் போய் நின்றாள்.

“ஒச்சப்பண்ணே, நான் போனப்பறம் சக்கரத்தை நீங்க சுத்துங்க. மொட்டு வேலைக்குச் சம்மட்டி வேணாம்ல.”

“சுத்துறேன்.”

“சும்மா சுத்தக் கூடாது. வந்து...”

“எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும் பாப்பா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எரிஞ்சதையெல்லாம் கரிக்குப் பின்னாடி எறிஞ்சது யாருங்குற? நாந்தேன்.”

“அப்ப அப்பாகிட்ட ஏன் சொல்லல?”

“நீ சொன்னியாக்கும்?” கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். “நிறுத்திருவேன். நான் நிறுத்துனா அண்ணன் எடுப்பாரான்னுதேன் தெரியல.”

புறப்படுகிற நாள் காலையில் கிதர் முகம்மது பாய் வந்திருந்தார். கிராதி முடிவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். பழனியம்மாள் தகரப்பெட்டியோடு வாசலில் நின்றாள். சக்கரத்தில் ஒச்சப்பன்.

உதிரி மொட்டு ஒன்றை அப்பா உலையில் வைத்தார். சிவந்தது. மஞ்சளானது. வெளுத்தது. ஒச்சப்பன் சரியாக நிறுத்தினான். அவளே நிறுத்தியிருந்தாலும் அப்போதுதான் நிறுத்தியிருப்பாள்.

அப்பா எடுக்கவில்லை.

“ஏன்டா நிறுத்துன?”

“போதும்ணே.”

“போதுமா போதாதான்னு நீ எனக்குச் சொல்றியா? சுத்துடா.”

ஒச்சப்பன் சுற்றினான். உலை சடசடவென்று பொரிந்தது. அப்பா குறட்டை வெளியே எடுத்தபோது அதில் காம்பு மட்டும் இருந்தது.

“என்ன ஆசாரி, மொட்டு மத்தாப்பாயிருச்சு?” என்று பாய் சிரித்தார்.

“ஆள் புதுசு பாய். கை பழகல.” அப்பா தண்ணீர்த் தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி, “நீ கெளம்பும்மா, ரயிலுக்கு நேரமாச்சு” என்றார். அவள் நின்றது அதற்கு எதிர்ப்பக்கம்.

“வாரேம்ப்பா” என்றாள். அவர் தலை அவள் குரலின் பக்கம் சட்டென்று திரும்பியது. யாரும் கவனிக்கவில்லை.

தெருவில் இறங்கினாள். உள்ளே அப்பா, “தண்டை எடு. கடைசி மொட்டை வச்சு முடிச்சிருவோம்” என்பது கேட்டது. கொடியின் நடுத்தண்டு அது. இத்தனை நாள் ஒட்டிய இலைகளும் மொட்டுகளும் அதில் இருந்தன. நுனி எரிந்தால் கொடியே போகும்.

சக்கரம் சுழலத் தொடங்கியது. அவள் நடக்கவில்லை. சத்தத்தின் வேகத்தை வைத்தே மனதுக்குள் நிறம் மாறிக்கொண்டு வந்தது. சிவப்பு. ஆரஞ்சு. மஞ்சள். வெள்ளை. சக்கரம் நின்றது. இனி சுத்தியல் விழ வேண்டும்.

விழவில்லை.

“சுத்துடா!”

மறுபடியும் சக்கரம். பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நுனி வெள்ளையாகிப் பொறி கக்கத் தொடங்கியிருந்தது. சக்கரத்தை அவள் பிடித்திருக்கலாம். ஒச்சப்பன் கைப்பிடியை விட்டு நகர்ந்து இடம்கூடக் கொடுத்தான். பிடித்தால் பெட்டி வீட்டுக்குள் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“எடுங்கப்பா” என்றாள். “வெள்ளையாயிருச்சு. இப்ப எடுங்க.”

பட்டறையில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. பாய் இரும்பைப் பார்த்தார். பிறகு ஆசாரியின் முகத்தைப் பார்த்தார். குறடு உலைக்கு மேலே அசையாமல் நின்றது. அப்புறம் இறங்கியது. தண்டு பட்டடைக்கு வந்தது. சுத்தியல் மூன்று முறை விழுந்தது. நுனி கொஞ்சம் கருகியிருந்தாலும் மொட்டு ஒட்டியிருந்தது.

பாய் எழுந்து அருகில் வந்தார். “எம்புட்டு நாளா, ஆசாரி?” என்றார் மெதுவாக.

அப்பா விரலால் மொட்டைத் தடவிக்கொண்டிருந்தார். சூடு ஆறியிருக்காது. ஆனாலும் தடவினார்.

“மிச்ச ரெண்டு ஜன்னலு... வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறேன்” என்றார் பாய். போன வாரம்தான் மூன்றும் உமக்கே என்று சொல்லியிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பழனியம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். “அப்பா” என்றாள்.

அவர் திரும்பவில்லை. கை நீட்டித் தேடி ஒரு மொட்டை எடுத்தார். காம்போடு வைத்துக் கட்டினார். உலையில் செருகினார்.

“என்னடா பாத்துக்கிட்டு இருக்க? சுத்து” என்றார்.

ஒச்சப்பன் சுற்றினான். வெள்ளை வந்ததும் நிறுத்திவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுவது போலக் கத்தினான்: “எடுங்கண்ணே! வெள்ளை! வெள்ளை!”

“கத்தாதடா. கண்ணுதான் போச்சு. காது இருக்கு.”

எடுத்துத் தட்டினார். ஒட்டியது. அதை ஓரமாக வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், “ரயிலு?” என்றார்.

“இருக்குப்பா.”

“அப்பறம் என்ன?”

அவள் வெளியே வந்து பெட்டியை எடுத்தாள். ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். பின்னால் சக்கரம் சுழன்றது. கொஞ்ச தூரத்தில் அது நின்றது. அவள் கால்களும் நின்றன. சுத்தியல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அடுத்த அடி வைத்தாள்.

தெரு திரும்பும் வரை ஒவ்வொரு முறையும் அப்படியே நின்று நின்றுதான் போனாள்.