பன்னிரண்டு பாயிண்ட் பள்ளம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, அச்சகத்து மாப்பிள்ளை ஒரு விசிட்டிங் கார்டுக்குள் விழுந்தார். பன்னிரண்டு பாயிண்ட் அளவு அச்செழுத்துக்குள் ஒரு முழு ஆள் எப்படி நுழைய முடியும் என்று சிலர் இன்னமும் கேட்கிறார்கள். எழுத்து தடித்த வகை, மாப்பிள்ளை ஒல்லி. அதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

அச்சகம் அவர் மனைவியின் அண்ணனுடையது. அந்த அண்ணனுக்கு முதுகுதடவியார் என்று பெயர் விழுந்திருந்தது. அச்சடித்த ஒவ்வொரு தாளையும் திருப்பிப் போட்டு, அதன் முதுகைக் கட்டைவிரலால் தடவுவார். எழுத்தின் புடைப்பு துளி தட்டுப்பட்டாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மை தாளின்மேல் உட்கார வேண்டும், தாளுக்கு வலிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. முப்பத்தொரு வருஷம் அப்படியே ஓட்டினார். மாப்பிள்ளைக்கு எழுத்துக் கோர்க்கும் வேலை. ஈய எழுத்துகள் இடம்வலம் மாறித்தான் இருக்கும். அவற்றைப் படிக்க எட்டு வருஷமாகியும் அவருக்கு வரவில்லை. கைக்கண்ணாடி ஒன்றை எதிரில் சாய்த்துக்கொண்டு, சவரம் செய்துகொள்பவரைப் போல எழுத்துக் கோர்ப்பார்.

அப்புறம் டிசைனர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்பக்கம் பள்ளமும் முதுகில் புடைப்பும்தான் வேண்டியிருந்தன. அவர்களில் ஒரு பெண், கட்டட வரைபடம் போடும் ஒருவருக்காகக் கார்டு கேட்டு வந்தாள். முதல் மாதிரியைத் தொட்டுப் பார்த்தவள், "பள்ளமே இல்லையே அங்கிள், இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்றாள். முதுகுதடவியார் பல்லைக் கடித்துக்கொண்டு கார்டுக்கு அடியில் ஒரு தாள் சேர்த்தார். பத்தவில்லை என்றாள். இன்னொன்று சேர்த்தார். நாலாவது தாளில் எழுத்துக்குள் பொத்தான் நின்றது. ஆறாவதில் ஒரு குண்டூசி விழுந்தது. விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஏழாவதில் 'ப' என்ற எழுத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அதை உற்றுப் பார்க்கக் குனிந்த மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி நழுவி உள்ளே போயிற்று. அதை எட்டிப் பிடிக்கப் போய் அவரும் போனார்.

கட்டு நூலை இறக்கிப் பார்த்தார்கள். நாற்பது முழம் போனதும் கீழிருந்து குரல் வந்தது. "நல்லா இருக்கேன் மச்சான். காத்தோட்டமாத்தான் இருக்கு. டீ மட்டும் அனுப்புங்க." அனுப்பினார்கள். காலி கிளாஸ் ஒழுங்காக மேலே வந்தது. ஆனால் அவரைக் கட்டி இழுத்தபோது, எழுத்தின் வாய்வரை வந்தவர் தோளில் மாட்டிக்கொண்டார். விழுகிறபோது எதுவும் இடிக்கவில்லை என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

சேதி கேட்டு வந்த தங்கை, தாள் வெட்டும் மெஷினுக்குமுன் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என் வீட்டுக்காரர் வெளியே வர்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன். நீயும் ஒரு தாள் வெட்ட முடியாது" என்றாள். எட்டு நாள் அப்படியே போயிற்று. அதற்கு நடுவில் டிசைனர் பெண் வந்து அந்தக் கார்டைக் கையில் எடுத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"இதான் அங்கிள்! கார்டுக்குள்ள ஒரு ஆள் இருக்கற மாதிரி ஒரு ஃபீல்!"

"ஆள்தாம்மா இருக்கு."

"இதே மாதிரி ஐநூறு வேணும்."

"ஐநூறு புருஷனுக்கு நான் எங்க போறது?" என்றாள் தங்கை, ஸ்டூலிலிருந்தே.

ஒன்பதாம் நாள் முதுகுதடவியார் வேறு வேலையில்லாமல் கார்டைத் திருப்பி, பழக்க தோஷத்தில் முதுகைத் தடவினார். ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. மாப்பிள்ளையின் மூக்கு. எவ்வளவு நேரம் யோசித்தாரோ, எழுந்துபோய் மற்ற எழுத்துகளையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு 'ப' ஒன்றை மட்டும் மெஷினில் முடுக்கினார். கார்டைக் குப்புற வைத்தார். ஏழு தாளையும் உருவினார். கொஞ்சம் கூடினால் மாப்பிள்ளை அப்பளமாகிவிடுவார். கொஞ்சம் குறைந்தால் அசைய மாட்டார். "மெதுவா மச்சான்!" என்று உள்ளேயிருந்து கத்தல் கேட்டது. "தாளுக்கே வலிக்காம அடிக்கிறவன்யா நான், பேசாம இரு மாப்ளே" என்று சொல்லிவிட்டு, மிதிகட்டையை ஒரே மிதி மிதித்தார்.

நெற்றியில் மையோடு மாப்பிள்ளை மேஜைமேல் நின்றார். கையில் காலி கிளாஸ். தங்கை எழுந்துவந்து அவரைச் சுற்றிப் பார்த்தாள். வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. சட்டைப் பையும் வகிடும் பக்கம் மாறியிருந்தன. கடிகாரம் வலது கைக்குப் போய்ப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இவர் இடம்வலம் திரும்பி வந்திருக்காரே!"

"மறுபடியும் ஒரு தடவை போட்டு எடுத்துடலாமா?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "வேணாம். இனிமே கட்டில்ல பக்கம் மாறிப் படுப்பார். எனக்கு ஜன்னல் ஓரம் கிடைக்கும்."

மாப்பிள்ளையோ வேறொரு வேலைக்குக் கோர்த்து வைத்திருந்த ஈய எழுத்துகளைக் குனிந்து பார்த்து, கைக்கண்ணாடி இல்லாமல், நிறுத்தாமல், கடகடவென்று படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் கோர்த்ததில் ஒரு பிழை வந்ததில்லை. ஐநூறு கார்டும் மூன்று தாள் அழுத்தத்தோடு நின்றன. அதற்குமேல் கேட்கும் டிசைனர்களை முதலில் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், அவர்களும் கட்டிக்கொள்கிறார்கள். கைக்கண்ணாடி இப்போது வீட்டில் இருக்கிறது. காலையில் செய்தித்தாள் வந்ததும் தங்கை கண்ணாடியை எதிரே பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை அதில் பார்த்துச் செய்தி படிக்கிறார்.