நின்ற வண்டிக்கு ஒரு கால்

ஐஸ் பெட்டியின் கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஜஹனாரா பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து இழுத்தாள். உருகிய தண்ணீர் முழங்கை வழியாக ஓடி ரவிக்கையை நனைத்தது.

"சட்டுனு எறக்கு பாயம்மா. புள்ளத்தாச்சி மாதிரி மூச்சு வாங்கிக்கினு நிக்கிற" என்றாள் அங்காளம்மாள்.

"பெட்டில மீனு கீதா, இல்ல உன் வூட்டுக்காரன வெட்டி வச்சிக்கினு வந்தியாக்கா? இந்தக் கனம் கனக்குது."

"அவன வெட்னா யாரு வாங்குவா? பூன கூட மோந்து பாத்துட்டுப் பூடும்."

மற்ற மீன்காரிகள் சிரித்தார்கள். மந்தைவெளியில் அந்தத் தெரு இன்னும் கண் விழிக்கவில்லை. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, காக்காய் கத்தத் தொடங்கியிருந்தது. காசிமேட்டு ஏலத்தில் எடுத்த மீனைத் தினமும் ஜஹனாராவின் பேட்டரி ஆட்டோதான் இங்கே கொண்டுவந்து சேர்க்கும். நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்று மற்ற வண்டிக்காரர்கள் முகம் சுளித்தபோது, பின்சீட்டில் தார்ப்பாயை விரித்து "ஏறுங்கக்கா" என்றவள் அவள். வண்டி அவளுடையது இல்லை. வெள்ளைத்துரையிடம் நாள் வாடகைக்கு எடுத்தது.

மீன்காரிகள் உட்காரும் தூங்குமூஞ்சி மரத்தடியில் போன வாரம்தான் ஆள் உயரத்துக்கு மூன்று வெள்ளைப் பெட்டிகள் முளைத்திருந்தன. வண்டிக்குச் சார்ஜ் ஏற்ற வெள்ளைத்துரை வைத்த பெட்டிகள். சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி. பாதி நடைபாதையை அவை விழுங்கிவிட, ஐந்து பெண்களும் ஒருத்தி முழங்கால் ஒருத்தி முதுகில் இடிக்க மீதி இடத்தில் ஒண்டிக்கொண்டார்கள். பெட்டிகள் வந்ததில் ஜஹனாராவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அதுவரை சார்ஜுக்காகத் தரமணி வரை போய் வரிசையில் தூங்கி வழிந்தவள் அவள்.

அந்தச் சந்தோஷம் பெட்டி திறந்த அன்றே பாதியாகப் போனது. யூனிட்டுக்கு வாங்கும் விலையை வெள்ளைத்துரை அன்றைக்கே ஏற்றிவிட்டார்.

"மீனு கூட இப்டி ஏறாது" என்றான் ஆரோக்கியராஜ். அவனும் அதே முதலாளியின் பேட்டரி ஆட்டோதான் ஓட்டுகிறான். வண்டியை இரண்டாவது பெட்டியில் மாட்டிவிட்டு வேலியோரம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். "கேட்டா, கரண்டு வெல ஏறிப்போச்சுன்றாரு. ஏறுன கரண்டு கம்பியில வருதா, அவரு வாயில வருதா?"

"வேற எடத்துல போட்டுக்க வேண்டிதானே" என்றாள் மேகலா. அங்காளம்மாளின் தம்பி பெண்டாட்டி.

"போட்டா? அவரு ஆபீஸ்ல உக்காந்துக்கினு போன்ல ஒரு தட்டு தட்னா வண்டி செத்துப்பூடும். சாவி நம்ம கைல, உசுரு அவரு கைல."

அங்காளம்மாள் வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். "நேத்து அந்த வேலியாண்ட நின்னேனா, காலு சுர்ருனு இழுத்துச்சி. பெட்டி பாக்குற வாச்மேன்கிட்ட சொன்னேன்."

"இன்னா சொன்னான்?"

"செருப்பு போட்டுக்கோன்னான்."

"நானும் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்க்கா. ஆளு வருவாங்கன்னாங்க" என்றாள் ஜஹனாரா.

"வருவான், வருவான். நான் செத்தா மால வாங்கிக்கினு வருவான்." அங்காளம்மாள் சிரித்தபடி வாளியைச் சாய்த்தாள்.

கழுவாத தரையில் வைத்த மீன் விலை போகாது என்பது அந்தப் பெண்களின் சட்டம். விடிந்ததும் முதல் வாளித் தண்ணீர் மண்ணுக்கு. அப்புறம்தான் பலகை, அப்புறம்தான் மீன். தண்ணீர் இலைச் சருகை ஒதுக்கிக்கொண்டு ஓடி, பெட்டியின் அடியில் போய்த் தேங்கியது. அங்காளம்மாள் குனிந்து துடைப்பத்தால் தேய்த்தாள். முட்டி வலிக்காரி. எழுந்திருக்க வலது கையை வேலிக் கம்பியில் ஊன்றினாள்.

"மேகலா, அந்தப் பலகைய..."

பேச்சு பாதியில் அறுந்தது. வாய் திறந்தபடியே நின்றது. உடம்பு முழுக்க உதறியது, கை மட்டும் கம்பியை விடவில்லை.

"அண்ணி" என்று மேகலா பாய்ந்தாள்.

"தொடாத" என்று ஜஹனாரா அவளைத் தோளால் இடித்துத் தள்ளினாள். மேகலாவின் கையிலிருந்த காய்ந்த பலகையைப் பிடுங்கி, கம்பியைப் பிடித்திருந்த அந்த மணிக்கட்டின்மேல் ஓங்கி அடித்தாள். கை விடவில்லை. மறுபடி அடித்தாள். மூன்றாவது அடியில் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அங்காளம்மாள் மூட்டை மாதிரி சரிந்தாள். கருகிய தோல் வாசனை மீன் வாசனையை மீறிக்கொண்டு வந்தது.

*

லஸ் முனையைத் தாண்டியதும் வண்டியின் விளக்குகள் அணைந்தன. சக்கரம் தானாக உருண்டு நடுரோட்டில் நின்றது. ஜஹனாரா சாவியைத் திருகினாள். உயிர் இல்லை. பின்சீட்டில் மேகலாவின் மடியில் அங்காளம்மாள் கிடந்தாள்.

போன் அடித்தது.

"ஜஹனாராம்மா, எங்க போய்ட்டிருக்கீங்க?" வெள்ளைத்துரையின் குரல். எப்போதும் மரியாதை குறையாத குரல்.

"சார், அங்காளம்மாக்காவுக்கு நம்ம பெட்டில ஷாக் அடிச்சிருச்சி. ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன். வண்டி நின்னுபோச்சி சார்."

"நிக்கல. நான்தான் நிறுத்தியிருக்கேன். வாச்மேன் எல்லாம் சொன்னான்." கொஞ்சம் நிறுத்தி, "பெட்டியில அடிச்சதுன்னு யார் சொன்னது? நீங்க என்ன கரண்டு ஆபீசரா?" என்றார்.

"கண்ணால பாத்தேன் சார்."

"கண்ணு பாக்கிறதை எல்லாம் வாய் சொல்லணும்னு இல்லம்மா. ஈரத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உடனே வண்டி ஓடும்."

ஜஹனாரா திரும்பிப் பார்த்தாள். "மூச்சு வருதா மேகலா?"

"வர்ற மாதிரியும் கீது. வராத மாதிரியும் கீது."

"சரி சார்" என்றாள் ஜஹனாரா. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "வழுக்கி வுழுந்துட்டாங்கன்னே சொல்றேன். வண்டியத் தொறங்க சார்."

"நல்லது. கூட இருக்கற பொண்ணுகிட்டயும் சொல்லி வைங்க." போனில் எதையோ தட்டும் சத்தம். "நெட்டு சுத்திட்டே இருக்கும்மா. கொஞ்சம் பொறுங்க."

உயிர் போய்க்கொண்டிருந்தது, நெட்டு சுத்திக்கொண்டிருந்தது. பின்னால் ஹாரன்கள் ஊளையிட்டன. அந்த இரைச்சலுக்குள் ஒரு பெட்ரோல் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. வலியுல்லா. தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர். பேட்டரி வண்டிகள் சவாரியைக் கெடுக்கின்றன என்று ஜஹனாராவை ஸ்டாண்டுக்குள் வண்டி நிறுத்தவே விடாதவர்.

"இன்னா ஆச்சி?"

"கரண்ட் அடிச்சிருச்சி பாய். மொதலாளி வண்டிய லாக் பண்ட்டாரு."

வலியுல்லா பின்சீட்டை ஒரு பார்வை பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. "பிரேக்க வுடு. ஹேண்டில நேரா புடி. மோட்டாருதான் செத்துக்கீது, சக்கரம் சாவல" என்று தன் வண்டியைப் பின்னால் கொண்டுபோனார். ஒரு காலை வெளியே நீட்டி ஜஹனாராவின் வண்டியின் பின்புறத்தில் பதித்து, ஆக்சிலேட்டரை முறுக்கினார். செத்த வண்டி நகர்ந்தது, பிறகு ஓடியது. சிக்னலில் கூட அந்தக் கால் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் குனிந்து கண்ணிமையைத் திறந்து பார்த்தபடி கேட்டார்: "என்ன ஆச்சு?"

மேகலா ஜஹனாராவைப் பார்த்தாள். ஜஹனாராவின் கையில் இருந்த போன் மின்னியது. லாக் திறந்துவிட்டதாகச் செய்தி.

"கரண்ட் அடிச்சிது டாக்டர்" என்றாள் ஜஹனாரா. "சார்ஜ் போடுற பெட்டி. மந்தைவெளியில. எழுதிக்கோங்க."

*

அங்காளம்மாள் பிழைத்தாள். வலது கை பிழைக்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே வெள்ளைத்துரை மரத்தடிக்கு வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. பேட்டரி ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரையும் வரச் சொல்லியிருந்தார். வண்டிகள் வரிசையாக நின்றன. எதிரில் மீன்காரிகள். மின்வாரிய ஆள் வந்து பெட்டிகளின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தான்.

"பாருங்கப்பா, எனக்கும் மனசு இருக்கு" என்று தொடங்கினார். "அந்தம்மா ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் ஏதாச்சும் பண்றேன். ஆனா கரண்டும் தண்ணியும் ஒரே இடத்துல இருக்க முடியாது. இவங்க நாளையிலேருந்து இடத்தைக் காலி பண்ணிடணும். எல்லாம் இவங்க பாதுகாப்புக்குத்தான்."

"நாங்க உக்காந்துனு இருந்த எடத்துக்கு கரண்ட்டுதானே வந்துச்சி" என்றாள் மேகலா. "தண்ணியா கரண்டத் தேடிக்கினு போச்சி?"

வெள்ளைத்துரை அவள் பக்கம் திரும்பவே இல்லை. டிரைவர்களைப் பார்த்துப் பேசினார். "போலீஸ் விசாரிக்க வருவாங்க. மெஷின்மேல இவங்கதான் தண்ணிய ஊத்தினாங்கன்னு நீங்க சொல்லணும். சொன்னா, யூனிட் விலையப் பழையபடி ஆக்கிடறேன். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஆரோக்கியராஜ் தன் வண்டியிலிருந்து இறங்கினான்.

"பழைய வெலயே தர்றீங்களா சார்?"

"வார்த்தைன்னா வார்த்தை."

"ஆரோக்கியம்" என்றாள் ஒரு மீன்காரி, மெதுவாக. "உங்க ஆத்தா மீன் கூடையத் தூக்கிக்கினு வந்து எந்த எடத்துல எறக்குனா?"

அவன் தலை குனிந்தது. ஜஹனாரா முன்னால் வந்தாள். இந்த வண்டி போனால் அடுத்த வேளைச் சோறு எங்கே என்பது அவளுக்குத் தெரியாது.

"சார், பெட்டி வைக்க இந்த எடத்த எப்டி முடிவு பண்ணீங்க?"

"எதிர் பிளாட்டுக்காரங்க வாசல் மறையும்னாங்க. கல்யாண மண்டபத்துக்காரர் பார்க்கிங் போயிடும்னார். இங்கதான் யாரும் ஒண்ணும் சொல்லல."

"இங்கதான் யாரையும் கேக்கல சார்."

வெள்ளைத்துரை சிரித்தார். "உங்களுக்கு சார்ஜர் வேணாமா? தரமணிக்கே போறீங்களா?"

"வேணும் சார். பெட்டி எங்களுக்கு வேணும். மண்டபத்து பார்க்கிங்ல வைங்க, காலியாத்தான் கீது. ஒழுங்கா எர்த்து போட்டு வைங்க. வெலய ஏத்துறதா இருந்தா எங்களயும் உக்கார வச்சி பேசுங்க. ஓடுற வண்டிய இனிமே நிறுத்தாதீங்க. அக்கா போன கைக்கு நியாயம் பண்ணுங்க. பொய் சொல்லச் சொல்லாதீங்க. ஒரு தடவ சரின்னு சொன்னேன். அதுவே இன்னும் நாக்குல கசக்குது."

அவர் போனை எடுத்து, கட்டைவிரலால் தட்டினார். ஜஹனாராவின் வண்டி சின்னதாக ஒரு சத்தம் போட்டு அணைந்தது. அடுத்த வண்டி. அதற்கடுத்தது. வரிசை முழுக்க விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன.

"சார், நான் ஒண்ணுமே சொல்லலியே" என்றான் ஆரோக்கியராஜ், தன் வண்டியும் அணைந்ததைப் பார்த்து.

"அதுதான் தம்பி தப்பு. சொல்லச் சொன்னேன். சொல்லலியே."

கார் கதவு சாத்திய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஆரோக்கியராஜ் தன் செத்த வண்டியின் சீட்டை ஒரு முறை தடவிப் பார்த்தான். பிறகு நடந்துபோய் மீன்காரிகளோடு நின்றுகொண்டான்.

*

அங்காளம்மாள் வீட்டுக்கு வந்த மறுநாள், இருட்டு பிரியும் நேரத்தில் எல்லோரும் மரத்தடியில் கூடினார்கள். அடுப்பு எரியாத நாட்கள் எல்லோர் முகத்திலும் தெரிந்தன. ஸ்டாண்டின் பெட்ரோல் ஆட்டோக்களும் வந்து நின்றன. அந்த டிரைவர்களில் ஒருவன் முணுமுணுத்தான்:

"நம்ம சவாரியத் துன்ன வண்டிங்க பாய். அதுங்களுக்கு நாம கால் குடுக்கணுமா?"

"நடுரோட்ல நின்ன வண்டிக்குக் கால் குடுக்கறப்ப அது இன்னா வண்டின்னு எவன்டா பாத்தான்?" என்றார் வலியுல்லா. "இன்னிக்கு அவுங்க. நாளைக்குப் பெட்ரோலு நின்னுபூடும், நீயும் பேட்டரிக்குத்தான் வரணும். அப்ப உன் வண்டி உசுரும் அந்தாளு போன்லதான் கெடக்கும். யோசிச்சிக்க."

அவன் யோசித்தான். பீடியைக் காலடியில் நசுக்கிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

அங்காளம்மாள் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி ஜஹனாராவின் வண்டியில் ஏறினாள். ஜஹனாரா அந்தக் கட்டைப் பார்த்தாள்.

"அக்கா, நான் அடிச்ச அடில..."

"ஏய், வாய மூடு. நீ அடிக்கலேன்னா கையோட நானும் பூட்ருப்பேன். மீன் அரிய கைதான் இல்ல. அவனக் கேக்க வாய் கீது." பிறகு மரத்தடியைத் திரும்பிப் பார்த்து, "மேகலா, தண்ணி ஊத்துனியா?" என்றாள்.

"இன்னிக்கு மீனே இல்லியே அண்ணி."

"மீனு இல்லாட்டி? எடம் நம்ம எடம்தானே. ஊத்துடி."

மேகலா வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் அதே வழியில் ஓடி, செத்துக் கிடந்த பெட்டிகளின் காலடியில் தேங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் மீன்காரிகள் காலிக் கூடைகளோடு ஆளுக்கொரு வண்டியில் ஏறினார்கள்.

ஒவ்வொரு செத்த வண்டிக்குப் பின்னாலும் ஒரு பெட்ரோல் வண்டி. ஒவ்வொரு பெட்ரோல் வண்டியிலிருந்தும் ஒரு கால். தி. நகரில் வெள்ளைத்துரையின் ஆபீஸ் வாசலுக்கு அந்த வரிசை கிளம்பியது.

சிக்னலில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வரிசையின் நீளத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "என்னய்யா இது, ஊர்வலமா? பர்மிஷன் வாங்கினீங்களா?"

"ஊர்வலம் இல்ல சார்" என்றார் வலியுல்லா. "வண்டி ரிப்பேரு."

"எல்லா வண்டியுமா?"

"எல்லாத்துக்கும் ஒரே ரிப்பேரு சார். செஞ்சவன் ஆபீசுக்குத்தான் போறோம்."

போலீஸ்காரர் முதல் வண்டிக்குள் குனிந்தார். அங்காளம்மாள் கட்டுப்போட்ட கையை அவர் முகத்துக்கு நேராக உயர்த்தினாள். அவர் நிமிர்ந்து வயர்லெஸ்ஸை எடுத்தார். வேனை வரச் சொல்வாரா, வழி விடச் சொல்வாரா, தெரியவில்லை. ஆபீஸ் திறந்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

பச்சை விழுந்தது. முதுகுக்குப் பின்னால் வலியுல்லாவின் செருப்பு தன் வண்டியின் தகட்டில் பதியும் அதிர்வை ஜஹனாரா உணர்ந்தாள்.

"பிரேக்க வுடும்மா" என்றார் அவர்.

அவள் விட்டாள்.