யோகராஜின் இருபத்தாறு மணி நேரம்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒயர் அலங்கோலமாகக் கிடந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மலைமேல் மூஞ்சிக்கல்லில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். நான் பூட்டிய பெட்டியைத் திறந்து பாருங்கள், ஒயர் எல்லாம் பின்பக்கம் போய், பிளாஸ்டிக் டை போட்டு, அடக்கமாக இருக்கும். "இது ராஜமுருகன் கட்டு" என்று மற்ற கடைக்காரர்களே சொல்வார்கள். அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

யோகராஜ் என் சிநேகிதன், டூரிஸ்ட் கைடு. அப்பா காலத்தில் சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பம். பனி மூடித் தூண்பாறையே தெரியாத நாளிலும் அவன் பேசினால் ஜனம் நகராது. காசு கொடுத்துப் பனியைப் பார்க்கிறார்கள் பார் என்று நான் கிண்டல் செய்வேன். "பனிக்குப் பின்னுக்கு இருக்கிறத நான்தானே அண்ணே காட்டுறன்" என்பான். தெருமுனையில் அவன் சிரித்தால் என் கடைக்குள் கேட்கும்.

போன வருடம் அந்தத் தொண்டையில் புற்று வந்தது. மதுரையில் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் மகள் தாரணி திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். ஆபரேஷனுக்கு முன் பதினொரு நாள் லீவு போட்டு வந்து, வெளிச்சத்தம் வராமல் ஜன்னலெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, அப்பாவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தாள். இருபத்தாறு மணி நேரம் பேசினான். அந்தப் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட்டால், அவன் போனில் எழுதுவதை அவன் குரலிலேயே அது பேசுமாம். சட்டைப் பையில் சின்ன ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அவன் மறுபடியும் தூண்பாறைக்குப் போகலாம். இதைத் தாரணி சொல்லி எனக்குப் புரிந்தபோது அழுகை வந்துவிட்டது.

போனில் இடமில்லை என்று பதிவுகளை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். "ஒரு டிஸ்க்க நம்பாத ஆத்தா. ரெண்டுல போடு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு கெடக்கும்" என்று நான்தான் சொன்னேன். இரண்டாவது டிஸ்க்கையும் அதே பெட்டிக்குள் மாட்டிக் கொடுத்தேன். அந்தத் தைரியத்தில் அவள் போனில் இருந்ததை அழித்தாள். அந்த வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் இனி மூச்சு. குரல் அறவே இல்லை. யாராவது வந்து எப்படியப்பா இருக்கிறாய் என்று கேட்டால் யோகராஜ் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டியைக் கைகாட்டுவான். நான் அதற்குள் இருக்கிறேன் என்று அர்த்தம்.

குரலைப் பழக்குகிற வேலைக்குப் பெட்டியில் இருந்த கிராபிக்ஸ் கார்டு போதவில்லை. தாரணி கோயம்புத்தூரில் ஒரு பெரிய கார்டு பிடித்தாள். சித்திரையில் ஒருநாள் வெள்ளனே அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள்.

"பெரியப்பா, இருக்கிற பவர் சப்ளை இதுக்குத் தாங்குமா?" என்றாள் தாரணி.

"எங்கிட்டு தாங்கும்? கார்டு மட்டும் நூத்தியெழுபது வாட் திங்கும். ஒன் சப்ளை நானூத்தம்பது, அதுவும் ஏழு வருசத்துச் சாமான். கார்டுல சொருக எட்டு பின் ஒயரு வேற இல்ல. அறநூத்தம்பது ஒண்ணு போட்டுறேன்."

வாட் கணக்கில் நான் தப்புப் பண்ணவில்லை, சத்தியம். புது சப்ளை வேறு கம்பெனி. பழையதைப் போலவே அதிலும் ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். போர்டுக்கும் கார்டுக்கும் புது ஒயர் போட்டேன். இரண்டு டிஸ்க்குக்கும் போகிற பழைய ஒயர் மட்டும் நான் அன்றைக்குக் கட்டியபடி பின்பக்கம் அத்தனை அழகாகப் படுத்திருந்தது. ஆறு டை. வெட்ட மனசு வரவில்லை. அதன் நுனியைப் புது சப்ளையில் சொருகிப் பார்த்தேன். கிளிக்கென்று உட்கார்ந்தது.

உட்காரும். ஆனால் எந்தத் துளையில் எந்தக் கரண்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐந்து வோல்ட் போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு போகும். இது எனக்குத் தெரியாதா? நாலு பேருக்கு நானே சொல்லியிருக்கிறேனே! என் கட்டின் அழகு என் கண்ணை மறைத்துவிட்டது.

ஸ்விட்சைப் போட்டேன். கார்டின் விசிறி சுற்றியது. விண்டோஸ் போர்டிலேயே தனிச் சில்லில் இருந்ததால் திரையும் வந்தது. யோகராஜின் பெண்டாட்டி ஆனந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் என் முதுகில் ஓங்கித் தட்டினான். அதற்குப் பிறகுதான் கருகல் வாடை வந்தது. திரையில் இரண்டு டிஸ்க்கையும் காணோம்.

"என்னாச்சு பெரியப்பா?"

வாய் தானாகப் பொய் சொன்னது. "கரண்டு கூடக்கொறைய வருதுல்ல ஆத்தா, அது தூக்கியிருக்கும். சென்னைக்கு அனுப்பினா எடுத்துருவாங்க. கவலப்படாத."

இந்த ஊரில் எதற்கும் கரண்டின் மேல் பழி போட்டால் போதும். அவர்கள் நம்பிப் பெட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். நான் ஷட்டரைப் பாதி இறக்கி, ஆறு டையையும் வெட்டி, அந்த ஒயரை உருவி மேஜை டிராயருக்குள் திணித்தேன்.

சென்னையிலிருந்து பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. தினமும் யோகராஜ் கடை வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பான். "இன்னும் வரலப்பா" என்பேன். தலையாட்டிவிட்டுப் போவான். என் போனைத் துழாவியதில், குரல் போகுமுன் அவன் அனுப்பிய ஒரே ஒரு பேச்சுப் பதிவு கிடைத்தது. "அண்ணே, கடை தொறந்தாச்சா?" நாலு நொடி. அதிலும் முக்கால்வாசி காற்றிரைச்சல்.

உள்ளே இருந்த சில்லுகளே கருகிவிட்டன, எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று சென்னையில் கைவிரித்துவிட்டார்கள். மூவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். தாரணி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யோகராஜ் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்து உட்கார்ந்து அவள் தலையில் கை வைத்தான். ஆனந்தி என்னிடம் வந்தாள்.

"நீங்க என்னா செய்வீங்க அண்ணே. பன்னண்டு நாளா எங்களுக்காக அலையிறீங்க. கரண்டுக்குக் கண்ணா இருக்கு? நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! அடப் பாவி, இதுக்கும் வாய மூடிக்கிட்டு நிப்பியா என்று என்னையே கேட்டேன். டிராயரைத் திறந்து அந்த ஒயரை எடுத்து மேஜைமேல் போட்டேன்.

"கரண்டு இல்ல ஆனந்தி. நான்தான்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். டையை வெட்ட மனசு வராததையும் சொன்னேன். தாரணி தலை நிமிர்ந்து அந்த ஒயரைப் பார்த்தாள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

யோகராஜ் எழுந்து வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். வாயைத் திறந்தான். முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, உதடு படபடவென்று அடித்தது. திட்டுகிறான். வாய் ஓயாமல் என்னைத் திட்டுகிறான். கழுத்துத் துளையை மூடிய துணி மட்டும் உஸ் உஸ்ஸென்று தூக்கித் தூக்கி விழுந்தது. ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அது எவ்வளவு கேவலமான வார்த்தையாக இருந்தாலும், அவன் காலில் விழுந்து வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவனுக்கே அது பாதியில் உறைத்தது. உதடு நின்றது. என் சட்டையை விட்டான். தான் சொல்ல வந்தது இன்னதென்று எனக்குத் தெரிவிக்க, பழக்கத்தில், மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் கைகாட்டினான். நீட்டிய கையை அவனே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கீழே இறக்கினான்.